பிராணவாயு என்பது என்ன?

(ஒரு கிராம வாசகசாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பிராணவாயு என்பதைப் பற்றி இன்று பேசவேண்டுமென்று வாசகசாலைத் தோழர்கள் கேட்டுக்கொண்டார்கள். நாம் காலேஜ் ஏறிப் படித்தவர்களல்ல. ரசாயன சாஸ்திரத்தில் பட்டம் பெற்றவர்களுமல்ல. கையில் கிடைத்த புத்தகத்தைப் படித்து, விளங்காததை விளங்கினவர்களிடம் கேட்டு, புத்திக்குச் சரியென்று பட்டதை வைத்துக்கொண்டவர்கள். ஆகையால் இங்கு நாம் சொல்லுவதை, நாம் சொல்லுகிறோம் என்பதற்காக யாரும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. இதில் பெரும்பாலானது நிறுத்தும் அளந்தும் பார்க்கக்கூடிய சங்கதி. சந்தேகமிருந்தால் உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியாரைக் கேட்டுச் செய்து பார்த்துக்கொள்ளலாம்.

"ஜாதி, மதம், மூடநம்பிக்கை ஆகியவைகளைப் பற்றிப் பேசவேண்டிய மேடையில் காற்றைப் பற்றிய பேச்சு எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். அதற்கு நாம் சொல்லும் பதில் இதுதான். காற்றைப் பற்றி அறியாததினால் நம் நாட்டில் மனிதர்கள் சாகிறார்கள். பாழுங்கிணற்றில் இறங்கினவர் செத்துப்போகிறார். அவரைத் தூக்க இறங்கினவரும் செத்துப்போகிறார். மலக்குழியில் இறங்கினவர் பிணமாக வருகிறார். உடனே ஒருவர், "முனி அடித்துவிட்டது" என்கிறார். இன்னொருவர், "விதி முடிந்துவிட்டது" என்கிறார். முனியும் அடிக்கவில்லை, விதியும் முடியவில்லை, தோழர்களே! நூற்றுக்கு 21 பங்கு இருக்கவேண்டிய ஒரு வஸ்து அங்கே இல்லாமற்போயிற்று. அல்லது அதன் வேலையைத் தடுக்கும் விஷவாயு அங்கே இருந்தது. அவ்வளவுதான். அந்த வஸ்து இன்னதென்று முதலில் தெரிந்துகொண்டு, பிறகு கிணற்றுக்கும் குழிக்கும் வருவோம்.

பெயரில் உள்ள மயக்கம்

பிராணவாயு என்ற பெயரே நம் ஜனங்களை மயக்கிவிட்டது. பிராணன் என்றால் ஆத்மா, ஆத்மா என்றால் வேறு லோகத்துக்குப் போகிற சரக்கு என்று புராணம் கேட்டுப் பழகினவர்கள், இந்த வாயுவையும் அப்படிப்பட்ட ஏதோ ஒன்றென்று நினைத்துக்கொள்ளுகிறார்கள். உண்மை என்னவென்றால், இதற்கும் ஆத்மாவுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆத்மாவைக் கண்டவர் இல்லை, எடை போட்டவர் இல்லை. ஆனால் இந்த வாயுவை எடை போடலாம். ஒரு லிட்டர் ஆக்ஸிஜன் சுமார் 1.4 கிராம் எடை இருக்கும். இரும்பு உருளையில் அடைக்கலாம், லாரியில் ஏற்றலாம், ரசீது போட்டு விற்கலாம். 2021ம் வருஷத்துக் கொரோனாக் காலத்தில் அந்த உருளைக்காக நம் ஜனங்கள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்ததை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். மந்திரத்தினால் அந்த உருளை ஒன்றுகூட நிறையவில்லை. தொழிற்சாலையில் காற்றைக் குளிரவைத்துப் பிரித்துத்தான் நிறைந்தது. ஆகவே இனி நாம் ஆக்ஸிஜன் என்ற பெயரையே சொல்லுவோம்.

நிலம், நீர், நெருப்பு, காற்று, ஆகாயம் ஆகிய ஐந்தும்தான் உலகத்துக்கு மூலம் என்று நம் முன்னோர் சொன்னார்கள். கிரேக்க தேசத்தவரும் ஏறக்குறைய அப்படியே சொன்னார்கள். கருவியில்லாத காலத்தில் கண்ணால் பார்த்து ஊகித்ததற்காக அவர்களை நாம் குறைசொல்லவில்லை. ஆனால் இன்று அந்த ஐந்தில் ஒன்றாவது மூலமாக நிற்கிறதா என்று பாருங்கள். காற்று ஒரு கலவை. அதில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன், 21 பங்கு ஆக்ஸிஜன், மிச்சம் ஆர்கான் முதலிய சில்லரை வாயுக்கள். தண்ணீர் ஒரு கூட்டுப்பொருள். 9 கிலோ தண்ணீரில் 8 கிலோ ஆக்ஸிஜன், 1 கிலோ ஹைட்ரஜன். நிலத்தின் மேலோட்டின் எடையில் ஏறக்குறையப் பாதி ஆக்ஸிஜன். மணலிலும் களிமண்ணிலும் பாறையிலும் அது கட்டுண்டு கிடக்கிறது. நெருப்பு என்பது வஸ்துவே அல்ல. அது ஒரு நடப்பு. இந்த நான்கிலும் ஆக்ஸிஜன் உண்டு. நம் உடம்பின் எடையிலேயே மூன்றில் இரண்டு பங்கு அதுதான். ஐந்து பூதங்களைக் கும்பிட்டுக்கொண்டே இருந்திருந்தால் இது ஒருநாளும் வெளிவந்திராது.

கண்டவர்களும் கணக்குப் போட்டவரும்

இந்த வாயுவை முதலில் பிரித்தெடுத்தவர்களில் ஒருவர் ஷீலே. ஸ்வீடன் தேசத்தில் மருந்துக்கடையில் வேலை செய்துகொண்டே ஆராய்ச்சி செய்தவர். 1771-72லேயே கண்டு, அதற்குத் தீக்காற்று என்று பெயரிட்டார். ஆனால் அவருடைய புத்தகம் 1777ல்தான் அச்சாகி வெளிவந்தது. அதற்குள் இங்கிலாந்தில் ஜோஸப் பிரீஸ்ட்லி என்பவர் 1774ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 1ந் தேதி, பாதரசத்திலிருந்து உண்டாகும் ஒரு செம்பொடியின்மேல் பெரிய கண்ணாடி வில்லையினால் வெயிலைக் குவித்தார். ஒரு வாயு வெளிப்பட்டது. அதில் மெழுகுவர்த்தி பளீரென்று எரிந்தது. பிறகு ஒரு சுண்டெலியை அதில் அடைத்தார். சாதாரணக் காற்றில் கால்மணி நேரம் தாங்கக்கூடிய எலி, இதில் அரைமணி நேரம் தாங்கிற்று. கடைசியில் தாமே அதை இழுத்து மூச்சுவிட்டும் பார்த்தார்.

பிரீஸ்ட்லி ஒரு பாதிரியார். ஆனாலும் அரசாங்க மதத்துக்கு அடங்காதவர். பிரெஞ்சுப் புரட்சிக்கு அனுதாபம் காட்டியவர். அதற்காக 1791ல் பர்மிங்ஹாம் நகரத்தில் ராஜாவின் பேராலும் சர்ச்சின் பேராலும் கூச்சலிட்ட ஒரு கும்பல் அவருடைய வீட்டையும், புத்தகங்களையும், ஆராய்ச்சிக் கருவிகளையும் கொளுத்திவிட்டது. கொளுத்தியவர்களுக்குத் தீ எரிவதற்குக் காரணம் தெரியாது. காரணத்தைத் தேடியவருடைய வீடுதான் எரிந்தது. அவர் 1794ல் அமெரிக்காவுக்குக் குடியேறினார்.

ஆனால் இதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பிரீஸ்ட்லி கையில் ஆக்ஸிஜன் கிடைத்தும் அவருக்கு அது இன்னதென்று விளங்கவில்லை. எரிகிற பொருள்களில் எல்லாம் 'பிளாஜிஸ்டன்' என்ற ஒன்று இருக்கிறது, எரியும்போது அது வெளியே போய்விடுகிறது என்பது அக்காலத்துப் படித்தவர்களின் கொள்கை. போய்விடுகிறதென்றால் எடை குறையவேண்டுமல்லவா? ஆனால் உலோகத்தைச் சுட்டு நிறுத்தால் எடை கூடுகிறது! அதற்குச் சிலர், "பிளாஜிஸ்டனுக்கு எடை எதிரிடையாக இருக்கும்" என்று சமாதானம் சொன்னார்கள். கொள்கையைக் காப்பாற்றவேண்டும் என்று புறப்பட்டுவிட்டால் மனிதனுடைய புத்தி எவ்வளவு தூரம் வளையும் என்பதற்கு இது ஒரு உதாரணம். பிரீஸ்ட்லி 1804ல் சாகும்வரையில் அந்தக் கொள்கையை விடவேயில்லை.

விளங்கவைத்தவர் பிரெஞ்சு தேசத்து லவாஸியே. இவர் தராசை நம்பினவர். மூடிய பாத்திரத்தில் பாதரசத்தைப் பன்னிரண்டு நாள் சூட்டில் வைத்திருந்தார். காற்று குறைந்தது; பாதரசத்தின்மேல் செம்பொடி படிந்தது. அந்தப் பொடியை எடுத்து இன்னும் அதிகமாகக் காய்ச்சினார். குறைந்த காற்று அவ்வளவும் திரும்பி வந்தது. ஆகவே எரிவதென்பது உள்ளேயிருந்து எதுவோ போவதல்ல. காற்றிலிருந்து ஆக்ஸிஜன் வந்து சேருவது என்று ருசுவாயிற்று. அவருடைய மனைவி மரீ ஆன் என்ற அம்மையார் ஆராய்ச்சிக் குறிப்புகளை எழுதினார். ஆங்கிலப் புத்தகங்களை மொழிபெயர்த்துக் கொடுத்தார். கருவிகளைப் படம் வரைந்தார். பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். லவாஸியே அரசாங்க வரி வசூல் குத்தகையில் பங்குள்ளவராயிருந்ததால், புரட்சிக் காலத்தில் 1794ம் வருஷம் மே மாதம் 8ந் தேதி அவருடைய தலை வெட்டப்பட்டது.

ஆக்ஸிஜன் என்ற பெயரை வைத்தவரும் இவரே. அதற்குப் புளிப்பை, அதாவது அமிலத்தை உண்டாக்குவது என்று அர்த்தம். அமிலமெல்லாம் இதனால்தான் உண்டாகிறது என்று அவர் நினைத்தார். அது தப்பு. உப்பிலிருந்து எடுக்கும் அமிலத்தில் ஆக்ஸிஜனே இல்லை என்று 1810ல் டேவி என்பவர் காட்டினார். லவாஸியே சொன்னார் என்பதற்காக யாரும் அந்தத் தப்பைக் கட்டிக்கொண்டு அழவில்லை. பெயர் மட்டும் வழக்கத்தில் நின்றுவிட்டது. சாஸ்திரம் என்று இரண்டுக்கும் நாம் பெயர் சொல்லுகிறோம். ஆனால் திருத்திக்கொள்ளுகிற சாஸ்திரம் ஒன்று, திருத்தினால் பாபம் என்கிற சாஸ்திரம் ஒன்று.

நூறு எப்படி இருநூறாயிற்று?

இனி ஆக்ஸிஜன் அணுவுக்கு வருவோம். அணு என்பது ஒரு பொருளின் மிகச் சிறிய துணுக்கு. அணுக்கள் ஒன்றோடொன்று கூடி நிற்கும் கூட்டுக்கு மூலக்கூறு என்று பெயர். காற்றிலுள்ள ஆக்ஸிஜன் தனித்தனி அணுவாக அலைவதில்லை. இரண்டிரண்டாகக் கூடியே அலைகிறது. இதைக் கண்ணால் காணாமல் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் ரசமான விஷயம்.

1800ல் இங்கிலாந்தில் நிக்கல்ஸன், கார்லைல் என்ற இருவர் தண்ணீருக்குள் மின்சாரத்தைச் செலுத்தி அதைப் பிரித்தார்கள். இரண்டு படி ஹைட்ரஜனுக்கு ஒரு படி ஆக்ஸிஜன் என்ற கணக்கில் வாயு வந்தது. சரி, அந்த இரண்டு படியையும் ஒரு படியையும் மறுபடியும் கலந்து கொளுத்தினால் எத்தனை படி நீராவி கிடைக்கும்? மூன்று படி என்று நாம் சொல்லுவோம். ஆனால் அதே சூட்டில் வைத்து அளந்தால் கிடைப்பது இரண்டு படிதான். இதைப் போன்ற வாயுக் கணக்குகளை 1808ல் கே-லுஸாக் என்ற பிரெஞ்சுக்காரர் எடுத்துச் சொன்னார்.

இதற்கு விடை சொன்னவர் இத்தாலி தேசத்து அவகாட்ரோ. இவர் சட்டப் படிப்புப் படித்தவர். ரசாயனம் தாமாகக் கற்றது. ஒரே சூட்டிலும் ஒரே அழுத்தத்திலும், எந்த வாயுவானாலும் சம அளவில் சம எண்ணிக்கையான துகள்கள் இருக்கும் என்று 1811ல் எழுதினார். இதை வைத்துக் கணக்குப் போடுங்கள். ஒரு படி ஆக்ஸிஜனில் 100 துகள் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுவோம். அப்படியானால் இரண்டு படி நீராவியில் 200 துகள் இருக்கும். அந்த 200 துகளில் ஒவ்வொன்றும் தண்ணீர். ஆகவே ஒவ்வொன்றிலும் ஆக்ஸிஜன் உண்டு. போட்டது 100, வந்தது 200. நூறு எப்படி இருநூறாயிற்று? போட்ட ஒவ்வொரு துகளும் இரண்டாகப் பிரிந்திருக்கவேண்டும். ஆக்ஸிஜன் துகள் என்பது ஒற்றை அணுவல்ல, இரண்டு அணுக்களின் கூட்டு என்பது இப்படித்தான் வெளியாயிற்று. தவமும் இல்லை, அசரீரியும் இல்லை, படிக்கணக்கு ஒன்றுதான்.

இதைப் பெரியவர்கள் உடனே ஒப்புக்கொண்டார்களா? இல்லை. அணுக்கொள்கையைக் கொடுத்த டால்ட்டனே, ஒரே ஜாதி அணுக்கள் இரண்டு சேரா என்று சொல்லி மறுத்துவிட்டார். அவகாட்ரோ 1856ல் காலமானார். 1860ல் ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூயே என்ற ஊரில் ரசாயன அறிஞர்கள் கூடிய மகாநாட்டில் கன்னிஸ்ஸாரோ என்பவர் இதை எடுத்து விளக்கிய பிறகே உலகம் ஒப்புக்கொள்ளத் தொடங்கிற்று. ஐம்பது வருஷம் காத்திருந்தாலும், சரியான கணக்கு கடைசியில் ஜெயித்தது.

ஏன் இரண்டிரண்டாகச் சேருகின்றன? ஒவ்வொரு ஆக்ஸிஜன் அணுவின் நடுவிலும் ஒரு கரு. அதில் 8 புரோட்டான். கருவைச் சுற்றி 8 எலெக்ட்ரான். உள் கூட்டில் 2, வெளிக் கூட்டில் 6. வெளிக் கூட்டில் 8 இருந்தால் அணுவுக்கு அமைதி. ஆக்ஸிஜனுக்கு இரண்டு குறைகிறது. நம் ஊரில் ஒற்றை மாடு வைத்திருக்கும் இரண்டு குடியானவர்கள் மாட்டைச் சேர்த்து ஏர் பூட்டி, இருவர் நிலத்தையும் உழுதுகொள்ளுகிறார்களல்லவா? அதைப்போல இரண்டு அணுக்கள் ஆளுக்கு இரண்டு எலெக்ட்ரானைப் பொதுவில் வைக்கின்றன. பொதுவில் நான்கு, அவரவரிடம் மிச்சம் நான்கு, ஆக ஒவ்வொன்றுக்கும் எட்டு. தண்ணீரிலும் இதே கதைதான். ஆக்ஸிஜனுக்கு இரண்டு குறை. ஹைட்ரஜனுக்கு ஒன்று குறை. ஆகையால் ஒரு ஆக்ஸிஜனோடு இரண்டு ஹைட்ரஜன்.

இந்தச் சித்திரமும் முழு உண்மையல்ல. ஆக்ஸிஜனைப் பூஜ்யத்துக்குக் கீழே 183 டிகிரி வரையில் குளிரவைத்தால் வெளிர்நீலத் திரவமாகிறது. அந்தத் திரவத்தைக் காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவில் ஊற்றினால் விழாமல் ஒட்டி நிற்கிறது. எல்லா எலெக்ட்ரானும் ஜோடி சேர்ந்திருந்தால் அப்படி நிற்காது. இரண்டு எலெக்ட்ரான்கள் ஜோடியில்லாமல் இருக்கின்றன என்று ஏற்பட்டது. அதற்குக் காரணத்தை 1929ல் லென்னார்டு-ஜோன்ஸ் என்ற அறிஞர் புதிய அணுக்கணக்கைக்கொண்டு விளக்கினார். ஏர்மாட்டுக் கதை துவக்கத்துக்கு உதவும். அதையே வேதவாக்காகப் பிடித்துக்கொள்ள வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொன்னோம்.

எண்ணிக்கை மாறினால் குணம் மாறும்

தோழர்களே! இப்போது சொல்லப்போவதைக் கொஞ்சம் கவனியுங்கள். ஆக்ஸிஜன் அணு ஒன்றுதான். அது இரண்டாகச் சேர்ந்தால் நாம் மூச்சுவிடும் வாயு. அதே அணு மூன்றாகச் சேர்ந்தால் ஓஸோன். மின்பொறி பறக்கும் இடத்தில் ஒரு கார நெடி அடிக்கிறதே, அது இதுதான். 1840ல் ஷேன்பைன் என்பவர் கண்டு பெயரிட்டார். இதை மூச்சில் இழுத்தால் நுரையீரல் கெடும். ஆனால் இதே ஓஸோன் தரைக்கு மேலே 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் இருந்துகொண்டு, சூரியனுடைய தீங்கான கதிர்களைத் தடுத்து நம் தோலையும் கண்ணையும் பயிரையும் காக்கிறது. தென் துருவத்துக்கு மேலே அது தேய்ந்துபோனதை 1985ல் கண்டார்கள். குளிர்சாதனப் பெட்டி முதலியவைகளில் உபயோகித்த சில வாயுக்களே காரணம் என்று தெரிந்தது. 1987ல் மான்டிரியால் நகரத்தில் தேசங்கள் கூடி ஒப்பந்தம் செய்து அந்த வாயுக்களைக் குறைத்தன. யாகம் செய்து ஆகாயத்தைச் சாந்தப்படுத்தவில்லை. காரணத்தைக் கண்டு காரணத்தை நீக்கினார்கள். இனி அதே அணு ஒற்றையாக நின்றால் என்ன ஆகும்? பூமிக்கு மேலே 400 கிலோமீட்டர் உயரத்தில் அப்படித்தான் நிற்கிறது. அங்கே சுற்றும் செயற்கைக் கோள்களின் மேற்பூச்சைக்கூட அரித்துவிடுகிறது.

கரியோடு இரண்டு ஆக்ஸிஜன் சேர்ந்தால் கரியமில வாயு. சோடாப் புட்டியில் பொங்கி வருவது அதுதான். காற்றுப் போதாமல் கரி எரிந்து, ஒரே ஆக்ஸிஜன் சேர்ந்தால் கார்பன் மோனாக்ஸைடு. நிறமில்லை, மணமில்லை, ஆளைக் கொல்லும். குளிருக்காக அறையை அடைத்துக் கரி அடுப்பை உள்ளே வைத்துத் தூங்குகிறவர்கள் விடியற்காலையில் எழுந்திராமற் போவது இதனால்தான். ஹைட்ரஜன் இரண்டோடு ஆக்ஸிஜன் ஒன்று சேர்ந்தால் தண்ணீர். இன்னொரு ஆக்ஸிஜன் சேர்ந்தால் மயிரை வெளுக்கவைக்கிற, புண் கழுவுகிற பெராக்ஸைடு.

அணு அதே அணு. நல்லதும் கெட்டதும் அதன் பிறவியில் இல்லை. எத்தனை பேரோடு, எவரோடு, எந்த இடத்தில் சேர்ந்து நிற்கிறது என்பதில் இருக்கிறது. அணுவுக்கே பிறவிக் குணம் இவ்வளவு சொற்பம் என்றால், மனிதனுக்குப் பிறவியினால் உயர்வு தாழ்வு சொல்லுகிறவர்களுக்கு என்ன பதில் சொல்லுவது என்பதை உங்களுக்கே விட்டுவிடுகிறோம்.

இன்னொன்றும் யோசியுங்கள். சாதாரணமாக நாம் ஒரு மூச்சில் இழுப்பது அரை லிட்டர் காற்று. அதிலுள்ள ஆக்ஸிஜன் மூலக்கூறுகளை எண்ணினால், கோடியைக் கோடியால் பெருக்கி, அதை மறுபடியும் கோடியால் பெருக்கினால் வரும் தொகையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். அக்கிரகாரத்துக் காற்றும் சேரிக் காற்றும் கலவாமல் நிற்பதில்லை. கிணற்றுக்கு ஜாதி வைத்தவர்களால் காற்றுக்கு ஜாதி வைக்க முடியவில்லை, முடிந்திருந்தால் வைத்திருப்பார்கள்.

விறகும் துருவும் மூச்சும்

விறகு எரிவது, இரும்பு துருப்பிடிப்பது, நாம் மூச்சுவிடுவது ஆகிய மூன்றும் ஆக்ஸிஜன் போய்ச் சேரும் வேலைதான். முதலாவது வேகமாக நடக்கிறது. இரண்டாவது ஈரத்தோடு கூடி மெதுவாக நடக்கிறது. மூன்றாவது நம் உடம்புக்குள் அளவாக நடக்கிறது. ரத்தத்தின் சிவப்புக்குக் காரணமான ஹீமோகுளோபினில் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு இரும்பு அணுக்கள். ஒவ்வொரு இரும்பும் ஒரு ஆக்ஸிஜன் மூலக்கூறைச் சுமந்துபோய் உடம்பெங்கும் கொடுக்கிறது. நாம் உண்ட சோறு அங்கே மெதுவாக எரிகிறது. கரி கரியமில வாயுவாகவும், ஹைட்ரஜன் தண்ணீராகவும் வெளியேறுகின்றன. உடம்பின் சூடு அதனால் வந்தது.

இது தெரிந்தால் சில புரட்டுகள் தாமே விழுந்துவிடும். யாகத்தில் நெய்யை எரித்தால் ஆக்ஸிஜன் உண்டாகிறது என்று கைபேசி வழியாகச் செய்தி அனுப்புகிறார்கள். ஒரு கிலோ நெய் முழுவதும் எரிய ஏறக்குறைய மூன்று கிலோ ஆக்ஸிஜன் செலவாகும். எரிவதென்றாலே ஆக்ஸிஜனைச் செலவழிப்பது. செலவு எப்படி வரவாகும்? நெய்யும் போயிற்று, ஆக்ஸிஜனும் போயிற்று. மிஞ்சியது புகையும் தட்சிணைக் கணக்கும்தான்.

பசு ஆக்ஸிஜனை மூச்சாக விடுகிறது என்று பெரிய பதவிகளில் இருப்பவர்களே சொல்லக் கேட்டிருக்கிறோம். நாம் உள்ளே இழுக்கும் காற்றில் நூற்றுக்கு 21 பங்கு ஆக்ஸிஜன். வெளியே விடும் காற்றில் சுமார் 16 பங்கு. அந்த 16 நாம் உண்டாக்கியதல்ல, செலவானதுபோக மிஞ்சியது. பசுவுக்கும் அப்படியே, எருமைக்கும் அப்படியே, கழுதைக்கும் அப்படியே. சந்தைக்கு நூறு ரூபாய் கொண்டுபோய்ச் செலவுபோக மிச்சத்தோடு திரும்புகிறவனைப் பார்த்து, "இவன் ரூபாயை உற்பத்தி செய்கிறான்" என்று சொல்லுவோமா?

அரச மரம் இரவும் பகலும் ஆக்ஸிஜன் விடுகிறது என்பதும் பொய். புளிய மரத்தடியில் இரவில் படுத்தால் பேய் அமுக்கும் என்பதும் பொய். எந்தப் பச்சை மரமும் வெளிச்சத்தில்தான் ஆக்ஸிஜன் விடும். அந்த ஆக்ஸிஜனும் வேர் உறிஞ்சிய தண்ணீரிலிருந்து பிரிந்து வருவது. இருட்டில் மரமும் நம்மைப்போல மூச்சுத்தான் விடும். ஆனால் அது விடும் கரியமில வாயு திறந்த வெளியில் கலந்து போய்விடும். ஆளை அமுக்குமளவுக்குச் சேராது. மரத்தடியில் பயப்படவேண்டியது பாம்புக்கும் தேளுக்கும்தான்.

கிணறும் குழியும்

மூச்சையும் தீயையும் பார்த்தாயிற்று. இனி துவக்கத்தில் சொன்ன சாவுக்கு வருவோம். வெகுநாள் மூடிக்கிடந்த கிணற்றில் இலையும் சருகும் மக்குகின்றன. மக்குவதும் ஆக்ஸிஜனைச் செலவழிக்கும் வேலை. கரியமில வாயு காற்றைவிடக் கனமானது. ஆகையால் அடியில் தங்கிவிடுகிறது. அங்கே காற்றில் 21 பங்காக இருக்கவேண்டிய ஆக்ஸிஜன் குறைந்துகொண்டே போகிறது. சுமார் 16 பங்குக்கு வந்தால் விளக்கு அணையும். 10 பங்குக்குக் கீழே போனால் மனிதன் மயங்கி விழுவான். இன்னும் குறைந்தால் இரண்டொரு மூச்சிலேயே நினைவு போய்விடும், கூப்பிடவும் நேரமிராது. ஆள் சத்தமில்லாமல் விழுவதைப் பார்த்து மேலே நிற்கிறவர்கள், "ஏதோ அடித்துவிட்டது" என்கிறார்கள். உடனே இன்னொருவர் பதறிக்கொண்டு இறங்குகிறார், அவரும் விழுகிறார். அண்ணனை எடுக்கத் தம்பி, தம்பியை எடுக்கப் பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒரே கிணற்றில் பல பிணம் விழுவதற்குக் காரணம் முனியின் பசியல்ல. காற்றைப் பற்றிய அறியாமை.

மலக்குழியிலும் கழிவுத் தொட்டியிலும் இதைவிடக் கொடுமை. அங்கே ஆக்ஸிஜன் குறைவதோடு ஹைட்ரஜன் ஸல்பைடு என்ற விஷவாயுவும் சேருகிறது. துவக்கத்தில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு மிஞ்சினால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாது. நாற்றம் நின்றுவிட்டது என்று நினைத்து இறங்குகிறவர் திரும்புவதில்லை. விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பது பழைய கிணறுகளுக்குப் பழைய வழக்கம். அணைந்தால் இறங்கக்கூடாது என்பது நிச்சயம். ஆனால் எரிந்தால் விஷவாயு இல்லை என்று அர்த்தமல்ல. மலக்குழியிலோ விளக்கைக் காட்டவே கூடாது; அங்கே மீத்தேன் என்ற வாயு தீப்பிடித்து வெடிக்கும்.

அந்தக் குழியில் யார் இறங்குகிறார்கள் என்பதையும் கேட்டுப் பாருங்கள். பூணூல் போட்டவர் இறங்குகிறாரா? நிலச்சுவான்தார் இறங்குகிறாரா? தலைமுறை தலைமுறையாக இன்ன ஜாதிக்கு இன்ன வேலை என்று ஒதுக்கி வைத்தோமே, அவர்கள்தான் இறங்குகிறார்கள். 1993ல் ஒரு சட்டம் வந்தது. 2013ல் அதைவிடக் கடுமையான சட்டம் வந்தது. தகுந்த பாதுகாப்புச் சாதனமில்லாமல் மனிதனைச் சாக்கடையிலும் கழிவுத் தொட்டியிலும் இறக்குவது குற்றம். செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்கவேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2014ல் சொல்லிற்று. 2023ல் அதை 30 லட்சமாக உயர்த்திற்று. சட்டம் இவ்வளவு சொன்ன பிறகும் சாவு நிற்கவில்லை. ஏனென்றால் இறக்கிவிடுகிறவர் மனதில், "அவன் ஜாதிக்கு அது பழக்கம்" என்ற எண்ணம் இருக்கிறது. நாம் கேட்கிறோம்: ஹீமோகுளோபினுக்கு எந்த ஜாதியில் பழக்கம் வரும்? எவன் உடம்பிலானாலும் இரும்பு ஒன்றுதான், ஆக்ஸிஜன் ஒன்றுதான். ஆக்ஸிஜன் இல்லாத இடத்தில் பிராமணனும் சாவான், பறையனும் சாவான். இரண்டாமவனையே எப்போதும் இறக்குகிறோம் என்பதுதான் வித்தியாசம்.

ஆகவே தோழர்களே! இந்தக் கூட்டத்திலிருந்து எழுந்து போகும்போது மூன்று காரியங்களை ஒப்புக்கொண்டு போகவேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறோம். முதலாவது, உங்கள் வீட்டுக் கழிவுத் தொட்டியை இயந்திரம் வைத்தே எடுப்பது. கூலி மிச்சமாகும் என்று எந்த மனிதனையும் இறக்காதது. இரண்டாவது, மூடிக்கிடந்த கிணற்றிலோ குழியிலோ ஒருவர் விழுந்துவிட்டால், பதறிக்கொண்டு அடுத்தவர் இறங்காமல், மூச்சுக் கருவியோடு வரக்கூடிய தீயணைப்புப் படையைக் கூப்பிடுவது. மூன்றாவது, "முனி அடித்தது" என்று எவர் சொன்னாலும், அந்த இடத்திலேயே, "அங்கே ஆக்ஸிஜன் எத்தனை பங்கு இருந்தது? என்ன வாயு இருந்தது?" என்று திருப்பிக் கேட்பது. உங்கள் பிள்ளைகளையும் அப்படிக் கேட்கப் பழக்குவது.

ஷீலே முதல் அவகாட்ரோ வரையில் நாம் சொன்னவர்களெல்லாம் நம்மைப்போன்ற மனிதர்களே. தெரியாததைத் தெரியாது என்று வைத்துக்கொண்டு, தராசையும் படியையும் எடுத்தார்கள். அவ்வளவே அவர்கள் செய்த அற்புதம். அந்தத் தராசு நம் கைக்கும் எட்டும். கிணற்றடியில் கற்பூரம் கொளுத்தும் காசில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு தராசு வாங்கிக் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்ளுகிறோம்.